பலர் கூடிய பணியும் செய்திக் கருவியும்

மக்கள் வாழ்க்கையில் ஒருவர் தனித்து நின்று முடிக்கத்தக்க செயல்கள் மிகச் சிலவே. பலர் கூடி முடிப்பனவே பெரும்பாலன. ஏர் பூட்டி உழுவான் ஒருவனேயாயினும் அவன் வயலுக்கு நீர் கொணரும் வாய்க்காலை வெட்டினவர் பலர். தேரை ஊர் கூடி இழுக்கின்றது. கடலில் வலை விடுவானும் கூட்டாளிகளின்றிக் கரை சேர்தல் அரிது. ஆகவே, பலர் கூடிய பணி எதனாற் சிறக்கும், எதனாற் கெடும் என்னும் ஆராய்ச்சி அலுவலகங்களில் அமர்ந்து வேலை செய்வோர்க்கு மட்டும் உரியதன்று. நம் காரைக்காற் கடற்கரையில் வாழும் ஒவ்வொருவர்க்கும் உரியதே.

இவ்வாராய்ச்சியில் இரண்டு வினாக்கள் முன்னிற்கின்றன. செய்திகளைக் கொண்டுசெல்லும் கருவிகள் விரைவுடையனவாயின் பணியும் அவ்வளவிற்குச் சிறக்குமோ என்பது ஒன்று. ஒரு குழுவினர் ஒரே வகையினராயிருத்தல் நன்றோ, வயதாலும் தொழிலாலும் மொழியாலும் குலத்தாலும் வேறுபட்டோராயிருத்தல் நன்றோ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே வைத்து விடை கூறுவோர் பலர். அவை ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதே ஈண்டுக் கூறப்புகுவது. வேறுபட்ட மாந்தர் வேறுபட்ட அறிவுடையர். அவ்வறிவை ஒருங்கு சேர்ப்பது கருவி. அக்கருவி எல்லாருடைய செவிக்கும் எட்டுமாறும், எவரும் வாய்திறந்து பேசுமாறும் அமைந்தாலன்றி இரண்டும் பயனிலவாம். இதனைச் சில மெய்ந்நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்குவாம்.

கருவியின் பயன்

பழைய நாளிற் கரைவலை இழுப்போர்க்கு வாய்க்குரலே செய்திக் கருவி. இரண்டு கயிறுகளையும் இரு புறத்து நின்று இழுப்போர் பலராயினும், ஏலேலோப் பாட்டின் ஓசை அனைவர் மூச்சையும் ஒன்றாக்கியது. கடலின்மேற் சென்றோர்க்கோ அக்குரல் எட்டாது. கரையை விட்டு நீங்கிய படகு மீண்டு வரும்வரை அதன் செய்தி யாதும் தெரியாது. கரையில் மீனுக்கு என்ன விலை என்பதும் படகிலுள்ளார்க்குத் தெரியாது.

இந்நிலை மாறியவாற்றைக் கேரள நாட்டு மத்தி மீன் வாணிபத்திற் காணலாம். 1997-ஆம் ஆண்டு முதல் 2001 வரை கோழிக்கோடு, கண்ணூர், காசரகோடு ஆகிய மாவட்டக் கரைகளிற் கைப்பேசிக் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அதற்கு முன்னர், ஒரு துறையில் மீன் மிகுந்து வாங்குவாரின்றிக் கடலிற் கொட்டப்படும் நாளிலேயே, சில கல் தொலைவிலுள்ள மற்றொரு துறையில் வாங்குவோர் மீனின்றி வெறுங்கூடையுடன் திரும்புவர். கைப்பேசி வந்தபின் மீனவர் கடலிலிருந்தே விலை கேட்டு, எத்துறைக்கு மீன் வேண்டுமோ அத்துறைக்குப் படகைத் திருப்பினர். ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் இதனை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். நாளொன்றுக்கு நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை வீணாகிவந்த மீன் வீணாகாது நின்றது. மீனவர் ஊதியம் சராசரி நூற்றுக்கு 8 உயர்ந்தது. உண்பார் கொடுக்கும் விலையோ நூற்றுக்கு 4 குறைந்தது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. கைப்பேசி புதிதாக ஒரு மீனையும் பிடித்துத் தரவில்லை. ஒரு துறையார் அறிந்ததை மற்றொரு துறையார் அறியாதிருந்தனர். அவ்வறியாமையை அது நீக்கியது. எல்லாரும் ஒன்றையே அறிந்திருந்தால் ஒருவரோடொருவர் பேசுவதாற் பெறுவது யாது? அறிவு வேறுபட்டிருக்குமிடத்தேயே செய்திக் கருவிக்கு விலையுண்டு.

வேற்றுமையின் நன்மையும் தீமையும்

நிற்க. அறிவு வேறுபட்டிருந்தாற் போதுமோ? போதாது. கூடியிருந்து பேசினும் வெளிவாராத அறிவு மிகுதியென்பதை 1985-இல் அமெரிக்க உளநூலார் ஸ்டாசர், டைட்டஸ் என்னும் இருவர் ஒரு சோதனையாற் காட்டினர். மாணவர் நால்வர் நால்வராகக் கூடி, மூன்று வேட்பாளருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்குமாறு ஏவப்பட்டனர். வேட்பாளரைப் பற்றிய செய்திகளிற் சில நால்வர்க்கும் பொதுவாகத் தரப்பட்டன. சில ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பிரித்துத் தரப்பட்டன. எல்லாவற்றையும் ஒருங்கு சேர்த்து நோக்கினால் மிகத் தகுந்தவர் இன்னார் என்பது விளங்கும். ஆயினும் குழுவினர் பெரும்பாலும் நால்வரும் முன்பே அறிந்ததையே திரும்பத் திரும்பப் பேசினர். ஒருவர் மட்டும் அறிந்தது அவையேறவில்லை. ஆதலின் தகுந்தவர் தெரிந்தெடுக்கப்படாது போனார். நம் ஊர்ப் பஞ்சாயத்துக்களிலும் சங்கக் கூட்டங்களிலும் இதுவே நிகழ்தலை உற்று நோக்குவார் காண்பர். அனைவரும் அறிந்ததைச் சொல்வார்க்குத் தலையசைப்பார் பலர். ஒருவர் மட்டும் அறிந்ததைச் சொல்வாரோ, இளைஞராயினும் பெண்டிராயினும் எளியராயினும், கேட்பாரின்றி அமைவர்.

மொழி வேறுபாடு இதனினும் கொடிய தீங்கு விளைத்தலும் உண்டு. 1990 ஏப்ரல் 7-ஆம் நாள் இரவு, நார்வே நாட்டு ஆஸ்லோ நகரினின்று டென்மார்க்கு நோக்கிச் சென்ற ஸ்காண்டினேவியன் ஸ்டார் என்னும் பயணக் கப்பலில் தீப்பற்றியது. 159 பேர் இறந்தனர். அக்கப்பலின் பணியாளர் பல தேசத்தார். ஒருவர் பேச்சு ஒருவர்க்கு நன்கு விளங்கவில்லை. பயணிகளுக்கும் அவர்களால் வழிகாட்ட இயலவில்லை. தீயணைக்கும் பயிற்சியும் அவர்கட்குப் போதியதாக இல்லை. பல தேசத்தார் ஒரு கப்பலிற் சேர்ந்ததே கேட்டிற்குக் காரணம் என்று கொள்ளுதல் தவறு. இன்று உலகத்துக் கப்பல்களிற் பெரும்பாலன அத்தகையனவே. அவர்க்குள் ஒரு பொதுமொழி வகுக்கப்படாமையே குறை. இதனை உணர்ந்த உலகக் கடல்சார் அமைப்பு, கப்பலோட்டிகள் வழங்கவேண்டிய எளிய ஆங்கிலத் தொடர்களை வரையறுத்து 2001-இல் ஏற்றுக்கொண்டது. 2009 முதல் நம் காரைக்கால் தனியார் துறைமுகத்திற்கு வரும் பெருங்கப்பல்களின் மாலுமிகளுக்கும் இத்தொடர்கள் உரியனவே.

இத்தகைய பொதுமொழி நம் கரைக்குப் புதியதன்று. புயல் எழுங்காற் துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டு அதுவே. 1 முதல் 11 வரை எண்ணிட்ட அக்குறிகளைப் படித்தவரும் படியாதவரும் ஒருங்கே அறிவர். மூன்றாம் எண் ஏறியது என்றால், மேலும் ஒரு சொல் வேண்டாது படகு கரையில் நிற்கும். நல்ல செய்திக் கருவிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. சொல் குறைவு, பொருள் தெளிவு, அறியாதார் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

இனி, நம்மால் மறக்கலாகாத நிகழ்ச்சியொன்றைக் கூறுவாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஏறத்தாழ 6 மணி 29 நிமிடத்திற் சுமத்திராத் தீவின் கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. அதனால் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையை அடைதற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. கார் நிக்கோபாரிலிருந்த விமானப்படைத் தளத்தினின்று சென்னைக்கு ஏழரை மணியளவிலேயே செய்தி எட்டியதாக அக்காலத்தில் விமானப்படைத் தலைவர் கூறினார். தொலைபேசி இருந்தது, கம்பியில்லாக் கருவி இருந்தது, வானொலியும் தொலைக்காட்சியும் இருந்தன. ஆயினும் பட்டினச்சேரி, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு முதலிய ஊர்களில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்க்கு ஒரு சொல்லும் வந்திலது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் மாண்டோர் ஏறக்குறைய 600 பேர். அவருட் பெரும்பாலோர் காரைக்காலைச் சேர்ந்தவர்.

அதே நாளில், அதே அலை, புதுச்சேரி நகர்க்குத் தெற்கேயுள்ள நல்லவாடு என்னும் மீனவ ஊரிலும் புகுந்தது. ஏறக்குறைய 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. ஆயினும் அவ்வூரில் வாழ்ந்த 3,600-க்கு மேற்பட்ட மக்களில் ஒருவரும் உயிரிழந்திலர். இது யாங்ஙனம் நிகழ்ந்தது?

அவ்வூர் மீனவர் ஒருவரின் மகன் சிங்கப்பூரிற் பணி செய்துகொண்டிருந்தான். நிலநடுக்கச் செய்தியை அவன் ஆங்கு அறிந்து, வீட்டிற்குத் தொலைபேசியிற் பேசினான். எடுத்துப் பேசியவள் அவன் உடன்பிறந்தாள். வீட்டினுள் கடல்நீர் கசிந்து வருகின்றது என்றாள் அவள். உடனே வெளியேறுக, ஊராரையும் வெளியேற்றுக என்றான் அவன். செய்தி ஊராரிடம் சென்றது. அவ்வூரில் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் ஒன்றுண்டு. கடலின் நிலையை நாள்தோறும் ஒலிபெருக்கியில் அறிவிப்பது அதன் பணி. மையத்தின் கதவை உடைத்து உட்புகுந்தனர், ஒலிபெருக்கி முழங்கியது, ஊர் முழுதும் மேட்டை நோக்கி ஓடியது.

இந்நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்குமின். அயல்நாட்டில் வாழ்ந்த இளைஞன் நிலநடுக்கத்தை அறிந்தான்; நீர் கசிவதை அறியான். வீட்டிலிருந்த பெண் நீர் கசிவதை அறிந்தாள். அதன் காரணத்தை அறியாள். ஒலிபெருக்கி எங்குள்ளது என்பதை ஊரார் அறிவர். என்ன சொல்லவேண்டும் என்பதை அதுவரை அறியார். மூவர் அறிவும் ஒன்றுகூடியபோதே மூவாயிரவர் உயிர் பிழைத்தது. தொலைபேசி மட்டும் இருந்திருப்பின் ஒரு வீடு பிழைத்திருக்கும். ஒலிபெருக்கி மட்டும் இருந்திருப்பின் அது வாய்மூடியிருந்திருக்கும். உடன்பிறந்தாள் சொல்லை ஊரார் பெண்பேச்சென்று தள்ளியிருப்பின் இரண்டு கருவியும் இருந்தும் பயனின்றாம்.

காரைக்கால் ஊர்களின்மேற் குறைகூறுதற்கு இதனை எழுதினோமல்லேம். அயல்நாடுகளில் நம்மவரும் மிகப் பலர் உளர். பிரான்சு, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் உறவினர் இல்லாத தெரு இங்கு அரிது. கடலறிவுடைய முதியோரும் நம்மிடை இருந்தனர். அறிவுடையார் அங்கங்கே இருந்தும் அவரை ஊரோடு இணைக்கும் ஏற்பாடு இல்லாமையே அன்று நேர்ந்த குறை.

அறிவு மையங்கள் அமைந்த முறை

நல்லவாட்டின் ஒலிபெருக்கி தற்செயலாக வந்ததன்று. 1998-ஆம் ஆண்டில் மேற்கூறிய நிறுவனம் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு, சுற்றுப்புறச் சிற்றூர்களில் கணிப்பொறி மையங்களை நிறுவத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பிகள் அக்காலத்தில் நம்பத்தக்கனவாயில்லாமையால் கம்பியில்லாத் தொடர்பையும், மின்சாரம் அடிக்கடி நின்றமையாற் சூரிய ஒளி மின்சாரத்தையும் துணைக்கொண்டது. வீராம்பட்டினத்தில் மீனவர்க்கு வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட முன்னறிவிப்பை எடுத்துத் தமிழில் ஆக்கிக் கரையில் ஒலிபெருக்கிவழி அறிவித்தனர். கணிப்பொறியைத் தொட்டறியாத முதியவரும் அலையின் உயரத்தைக் கேட்டறிந்து கடலுக்குப் போவதா இருப்பதா எனத் துணிந்தனர்.

அம்மையங்களின் அமைப்பில் இருவகை விதிகள் கருதத்தக்கன. மையம் தனியார் வீட்டில் அமையாது, எல்லாக் குலத்தாரும் தடையின்றி வரத்தக்க பொதுவிடத்தில் அமையவேண்டும் என்பது ஒன்று. எம்பலம் என்னும் ஊரில் அது கோயிலைச் சார்ந்த இடத்தில் அமைந்தது. மையத்தை அவ்வூராரே நடத்தவேண்டும் என்பது மற்றொன்று. நடத்தினவருள் பெண்கள் பெரும்பங்கு கொண்டனர். கருவியை வாங்கி வைப்பது எளிது. அது எவர் வீட்டில், எவர் கையில், எவர் வரத்தக்க வாயிலோடு இருக்கின்றது என்பதே அதன் பயனை அறுதியிடும். ஒரு குலத்தார் திண்ணையில் வைத்த கணிப்பொறி மற்றக் குலத்தார்க்கு இல்லாததே.

பின்னர் நிகழ்ந்தவை

பேரழிவிற்குப்பின் அரசினர் வாளாவிருந்திலர். 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. 2012 ஏப்ரல் 11-ஆம் நாள் சுமத்திரா அருகே 8.6 அளவுள்ள நிலநடுக்கம் உண்டானபோது எச்சரிக்கை விரைந்து வந்தது. நிலத்தட்டுப் பக்கவாட்டில் நழுவியதாற் பேரலை எழவில்லை. நம் காரைக்காலிலேயே வானிலைத் துறையினர் டாப்ளர் ராடார் நிறுவினர். 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிய கஜாப் புயலின் போக்கை அது நோக்கியது.

ஆயினும் கரைக்கு வரும் செய்தி வேறு, ஆழ்கடலுக்குச் செல்லும் செய்தி வேறு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் விரைந்து வலுப்பெற்றது. பல நாள் தங்கி மீன் பிடிக்கும் கன்னியாகுமரி மாவட்டப் படகுகள் கரையினின்று நெடுந்தொலைவில் இருந்தன. அப்படகுகளிலிருந்த கம்பியில்லாக் கருவியின் எல்லை அவ்வளவு நீளமுடையதன்று. கைப்பேசியும் அங்கு எட்டாது. எச்சரிக்கை கரையில் ஒலித்தது; எவர்க்கு வேண்டுமோ அவர்க்கு எட்டவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர் மாண்டும் காணாமற்போயும் ஒழிந்தனர்.

அதன்பின் 2019-இற் செயற்கைக்கோள்வழிச் செய்தி பெறும் ஜெமினி என்னும் கருவி வெளியிடப்பட்டது. அது ஆழ்கடலிலுள்ளார்க்கு எச்சரிக்கையையும் மீன் மிகும் இடத்தையும் அறிவிக்கும். ஆயினும் கேட்கலாமேயன்றி மறுமொழி கூறலாகாது. இருபுறமும் செய்தி செல்லும் கருவிகளை ஒரு லட்சம் படகுகளிற் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டிற் தொடங்கப்பட்டது. கேட்பது மட்டும் உரையாடலன்று. கடலிலுள்ளவன் காண்பதைக் கரையிலுள்ளவன் அறிதல், கரையிலுள்ளவன் அறிவதைக் கடலிலுள்ளவன் கேட்டல் என்னும் இரண்டும் சேர்ந்தாலே குழு என்னும் பெயர் பொருந்தும்.

காரைக்காலுக்கெனத் தனியே ஒரு சிக்கலும் உண்டு. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரணத்தால், நம் மாவட்டம் தலைநகராகிய புதுச்சேரியினின்று பிரிந்து, தமிழ்நாட்டு மாவட்டங்களால் நிலப்புறம் சூழப்பட்டு நிற்கின்றது. கடலோ ஒன்றே, காற்றும் ஒன்றே, நாகப்பட்டினத்துப் படகும் நம் படகும் அடுத்தடுத்து வலை விடுகின்றன. ஆட்சியோ இரண்டு, உத்தரவும் இரண்டு. ஆதலின் ஒரு கரையில் அறிவித்த செய்தி மறு கரையிலும் அப்பொழுதே ஒலிக்கவேண்டுவது இன்றியமையாதது. வரைபடத்திலுள்ள கோட்டை அலை மதிப்பதில்லை.

முடிவுரை

மாணவ நண்பர்களே, இதனைப் படிக்கும் உங்களுட் பலர் நாளைச் சென்னையிலோ பெங்களூரிலோ அயல்நாட்டிலோ பல மொழியார் கூடிய குழுக்களிற் பணி செய்வீர்கள். முகம் பாராது கணிப்பொறித் திரையிலேயே கூட்டாளிகளோடு பேசும் நிலையும் நேரும். அப்பொழுது மேற்கூறிய நிகழ்ச்சிகளினின்று நான்கு நெறிகளைக் கொள்வீராக.

முதலாவது, கருவியின் விரைவை மட்டும் நோக்காது அது கடைசி ஆளுக்கு எட்டுகின்றதா என நோக்குக. ஒக்கிப் புயல் கற்பித்தது இது. இரண்டாவது, வேறுபட்டோர் கூடுமிடத்து எளிய பொதுமொழி ஒன்றை முன்னரே வகுத்துக்கொள்க; புயற்கூண்டு அதற்குச் சான்று. மூன்றாவது, கூட்டத்தில் எல்லாரும் அறிந்ததைப் பேசி முடிக்குமுன், நும்முள் ஒருவர் மட்டும் அறிந்தது யாதெனக் கேட்டறிக. பேசாதிருப்பவரை முதலிற் பேசச் செய்க. நான்காவது, கருவி இருக்கும் அறையின் கதவு எவர்க்கும் திறந்திருக்குமாறு செய்க. நல்லவாட்டார் கதவை உடைக்க நேர்ந்தது. அதற்கு நேரமும் வாய்த்தது. ஒவ்வொரு முறையும் அவ்வாறு வாய்க்கும் என்று எண்ணுதல் கூடாது.

வேற்றுமை குழுவிற்குச் செல்வம். அச்செல்வத்தை எடுத்து வழங்கும் கை செய்திக் கருவி. அக்கையை இயக்குவது ஒருவர் சொல்லை ஒருவர் மதிக்கும் மனம். மூன்றனுள் ஒன்று குறையினும் மற்றை இரண்டும் வீணாம். கடல் நம் வாயிலில் நிற்கின்றது; அடுத்த கார்த்திகையிலும் காற்று எழும். அதற்குமுன் நம் ஊர்களில் யார் யாரிடம் சொல்வார், யார் சொன்னாற் கேட்கப்படும் என்பதை அமைத்துக்கொள்ளுதல் நம் கடன்.